சக்கரவர்த்தி கேட்டுக்கொண்டிருந்தார்

செருக்குப் பிடித்தவனுக்குக் காது கேட்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். நல்லது சொல்ல வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவான், மீறிப் பேசினால் சீறுவான், பாதியில் எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு பழகுவது சுலபம். எப்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அச்சம் தருகிறவன் வேறொருவன். அவன் நம்மை உட்காரச் சொல்வான். முழுவதையும் கேட்பான். இடையிடையே கேள்வி கேட்பான், அதுவும் விஷயம் தெரிந்தவன் கேட்கும் கேள்விகள். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு நாம் வெளியே வருவோம். அவன் ஏற்கனவே தீர்மானித்திருந்த காரியம் மறுநாள் காலை நடக்கும்.

கம்பனுடைய இராவணன் இந்த இரண்டாம் வகை. போருக்கு முன் மந்திராலோசனை கூட்டுகிறான். கும்பகருணன் அண்ணனின் குற்றத்தை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்கிறான். அவையில் அவன் வாயை யாரும் அடைப்பதில்லை. வீடணன் இரணியன் கதையைச் சொல்கிறான். கம்பனில் அது தனிப் படலமாகவே நீளும் கதை, வால்மீகியில் அந்த இடத்தில் இல்லாதது. அவ்வளவையும் இராவணன் கேட்டு முடிக்கிறான். அதற்குப் பிறகு அவன் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. தகப்பன் உடல் பிளக்கப்பட்டபோது மகிழ்ந்த பிரகலாதனும் நீயும் ஒன்று என்கிறான். பகைவன் மேல் உனக்கு அன்பு வந்துவிட்டது, நான் தோற்றபின் என் செல்வத்தை அடைந்து வாழலாம் என்று கணக்குப் போடுகிறாய் என்கிறான். வீடணன் எடுத்து வைத்த செய்தி அவையிலிருந்து காணாமல் போகிறது. வீடணன் மட்டும் அங்கே குற்றவாளியாக நிற்கிறான்.

இந்தக் காட்சி வரலாற்றிலும் நடந்திருக்கிறது, ஏறக்குறைய இதே குற்றச்சாட்டோடு.

1811 ஜூன் 5. பாரிசை ஒட்டிய செயின்ட் க்ளூ அரண்மனை. அர்மான் தெ கோலங்கூர் என்பவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரான்சின் தூதராக இருந்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்பியிருந்தார். வயது 37. நெப்போலியனின் குதிரை லாயங்கள், வண்டிகள், தபால் ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலைமை அதிகாரி. விசென்ஸா கோமகன் என்ற பட்டமும் உண்டு. பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், நடையுடையில் குறை சொல்ல முடியாதவர். அப்பழுக்கற்றவர் என்று சொல்ல மாட்டேன். 1804இல் ஆங்கியென் கோமகன் என்ற பூர்போன் இளவரசரை எல்லை தாண்டிப் பிடித்து வந்து சுட்டுக் கொன்ற விவகாரத்தில் இவர் பெயரும் அடிபட்டது. தனக்குப் பங்கில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கறை போகவில்லை. நல்ல ஆலோசனை சொல்கிறவர் நல்லவராகவும் இருந்துவிட்டால் நமக்கு வசதி. உலகம் அந்த வசதியை அடிக்கடி தருவதில்லை.

1807இல் தில்சித்தில் கைகுலுக்கிக்கொண்ட இரண்டு பேரரசர்களுக்கும் இடையே அதற்குள் உறவு கசந்திருந்தது. இங்கிலாந்தோடு யாரும் வணிகம் செய்யக்கூடாது என்ற நெப்போலியனின் தடை ரஷ்யாவின் வருமானத்தை அரித்தது. 1810 முடிவில் ஜார் அலெக்சாந்தர் பிரெஞ்சு ஆடம்பரப் பொருட்களின் மேல் வரியை ஏற்றினார். ஜாரின் உறவினருக்குச் சொந்தமான ஓல்டன்பர்க்கை நெப்போலியன் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். போலந்து விவகாரம் வேறு புகைந்துகொண்டிருந்தது. யார் முதலில் பிசகினார்கள் என்பதைப் பற்றி நூலகம் கொள்ளாத அளவுக்கு எழுதிவிட்டார்கள். அதற்குள் போக வேண்டாம்.

பல மணி நேரம் நடந்த அந்தச் சந்திப்பில் கோலங்கூர் கொண்டுவந்த செய்தி ஜாரே அவரிடம் சொன்னது. போர் வந்தால் ரஷ்யா தோற்கக்கூடும், தோற்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தோற்றதற்காகச் சமாதானம் கேட்டு வரமாட்டேன் என்று அலெக்சாந்தர் சொல்லியிருந்தார். ஸ்பெயின்காரர்கள் எத்தனை முறை தோற்றும் அடங்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார். எங்களுக்கு இடம் நிறைய இருக்கிறது, பின்வாங்கிக்கொண்டே போவோம், தலைநகரில் உட்கார்ந்து அவமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைவிட கம்சாட்காவரை போவேன். பிரெஞ்சுக்காரன் வீரன்தான், ஆனால் நெடுநாள் பட்டினியும் எங்கள் சீதோஷ்ணமும் அவனைத் தளர்த்திவிடும், எங்கள் குளிர்காலம் எங்களுக்காகப் போரிடும். சாராம்சம் இதுதான். படையெடுத்து வரப்போகிறவருக்கு எதிராளி தன் போர்த்திட்டத்தையே முன்கூட்டி எழுதி அனுப்பியது போன்ற செய்தி. உளவாளிகள் உயிரைக் கொடுத்தும் கொண்டுவர முடியாத ஒன்றைத் தூதர் இலவசமாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

நெப்போலியன் அதைக் கேட்டார். அவர் கேட்ட விதத்தைப் பற்றிக் கோலங்கூர் எழுதி வைத்திருக்கிறார். ரஷ்யப் பிரபுக்கள், படை, நிதி, ஜாரின் சுபாவம் என்று ஒன்று விடாமல் துருவிய கேள்விகள். ஜாரின் சொற்களைச் சொல்லி முடித்ததும் சக்கரவர்த்தி மௌனமாகிவிட்டார். வேலை முடிந்தது, மனசு மாறிவிட்டது என்று கோலங்கூர் நினைத்தார். ஆனால் நெப்போலியன் தன் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணத் தொடங்கினார். எண்ண எண்ண அவர் குரலில் பழைய தெம்பு திரும்பியது. ஒரே ஒரு நல்ல சண்டை போதும், உம் சிநேகிதர் அலெக்சாந்தரின் உறுதியெல்லாம் மணல்கோட்டையாகச் சரிந்துவிடும் என்ற இடத்தில் வந்து நின்றார். ஜார் உம்மை மயக்கிவிட்டார், நீர் ரஷ்யனாகவே ஆகிவிட்டீர் என்றார்.

பகைவன் மேல் உனக்கு அன்பு வந்துவிட்டது. மறுபடி அதே வாக்கியம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரஷ்யாவின் தூரம், குளிர், தீவனம், பின்வாங்கும் உத்தி ஆகியவற்றுக்கு நெப்போலியனிடம் பதில் இல்லாமல் இல்லை. தானியக் கிடங்கு, வண்டித் தொகுதி, மாட்டு மந்தை என்று அடுத்த ஓராண்டில் அவர் செய்த ஏற்பாடுகள் அவர் செய்த வேறெந்தப் படையெடுப்பின் ஏற்பாட்டையும் மிஞ்சியவை. ஆகவே செய்தி காதில் விழுந்தது, மூளைக்கும் போனது. ஆனால் அது உண்மையா என்ற கேள்வி போன இடத்தில், இதை இவர் ஏன் சொல்கிறார் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஜாரின் விருந்துகளில் கலந்துகொண்டவர், ஜாருக்குப் பிடித்தவர், அதனால் சொல்கிறார். முதல் கேள்வியைத் தீர்க்க வேண்டுமானால் நிலப்படம் வேண்டும், தீவனக் கணக்கு வேண்டும், தன் ஆசையை ஒரு பக்கம் ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ஒரு புன்னகை போதும். செருக்கு சோம்பேறி, தனக்கு எது சுலபமோ அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இப்படி ஆலோசனையை ஆலோசகரின் குணமாக மாற்றிவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. அதன்பின் எது நடந்தாலும் அது அந்த ஆலோசனையை நிரூபிக்காது. குளிரைப் பற்றிச் சொன்னது ரஷ்யாவைப் பற்றிய தகவல் அல்ல, கோலங்கூர் என்ற மனிதரின் பயந்த சுபாவம் என்று ஆகிவிட்டது. குளிர் வந்தபோது அது வெறும் குளிராகத்தான் வந்தது. கோலங்கூர் சொன்னது நடந்துவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. இதற்குப் பின்னால் வருவேன்.

நெப்போலியன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் உபதேசமாகிவிடும். 1796இல் இத்தாலியில் படைத்தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 26. கீழே இருந்த தளபதிகள் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள். அன்றிலிருந்து பதினைந்து ஆண்டுகள், போர்க்கலை நூல்களும் பெரியவர்களும் கூடாது என்று சொன்ன எத்தனையோ காரியங்களைச் செய்து வென்றிருக்கிறார். அந்த ஆலோசனைகளும் நல்ல எண்ணத்தோடு, அறிந்தவர்கள் சொன்னவைதான். கேட்டிருந்தால் அவர் கோர்சிகாவின் ஓய்வுபெற்ற பீரங்கி அதிகாரியாக முடிந்திருப்பார். ஆலோசனையை மறுத்து ஒருமுறை தோற்றவனுக்குப் பாடம் கிடைக்கிறது. மறுத்து மறுத்து வென்றவனுக்குக் கிடைப்பது ஒரு பழக்கம், அதற்கு அவன் வைக்கும் பெயர் உள்ளுணர்வு. வெற்றி பெற்ற தொழிலதிபர்களும் இயக்குநர்களும் தரும் பேட்டிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். எல்லாரும் முடியாது என்றார்கள், நான் கேட்கவில்லை என்ற வரி இல்லாத பேட்டி அபூர்வம். கேட்காமல் அழிந்தவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

அலெக்சாந்தருக்கு அந்தப் பாடம் முன்பே கிடைத்திருந்தது. 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் அவருக்கு வயது 27. கிழவர் குதூசவ் பின்வாங்குவோம், உதவிப்படை வரட்டும், அவசரம் வேண்டாம் என்றார். ஜாரைச் சுற்றியிருந்த இளம் பிரபுக்களும் ஆஸ்திரியப் படையின் திட்டக்காரர்களும் இப்போதே அடிக்கலாம் என்றார்கள். ஜார் இளைஞர்கள் பக்கம் சாய்ந்தார். ப்ராட்சன் மேட்டில் ஏன் படை இன்னும் நகரவில்லை என்று குதூசவை அவசரப்படுத்தினார் என்றும் சொல்வார்கள். அன்று மாலை நெப்போலியனுக்கு வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றி. ஜார் அழுதுகொண்டே களத்தைவிட்டுப் போனார்.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். 1812 ஜூலையில் ஜாருக்கு நெருக்கமான அதிகாரிகள் அராக்செயேவ், பலாஷோவ், ஷிஷ்கோவ் ஆகிய மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். நீங்கள் படையைவிட்டுப் போவது நல்லது என்பதை வேறு வார்த்தைகளில் சுற்றிவளைத்துச் சொன்ன கடிதம் அது. எந்த அரசனுக்கும் இதைவிடக் கசப்பான கடிதம் வர முடியாது. ஜார் படையைவிட்டுப் போனார். ஆகஸ்டில், தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத குதூசவையே தலைமைத் தளபதியாக்கினார். பிடிக்காதவன் என்பது வேறு, சொல்வது சரி என்பது வேறு என்று ஏற்க அவருக்கு ஓர் ஆஸ்டர்லிட்ஸ் தேவைப்பட்டது. அந்த ஆஸ்டர்லிட்ஸைக் கொடுத்தவர் நெப்போலியன்தான். தன்னுடைய மிகச் சிறந்த வெற்றியால் எதிரிக்கு அடக்கத்தையும் தனக்கு அதற்கு நேர்மாறானதையும் கற்பித்துக்கொண்டார்.

1812 ஜூன் 23 இரவு நியேமென் ஆற்றங்கரையில் வேவு பார்க்கப் போனபோது நெப்போலியனின் குதிரைக் காலடியில் முயல் ஒன்று பாய்ந்தது. குதிரை மிரண்டது, அவர் கீழே விழுந்தார். பக்கத்தில் இருந்தவர்களில் கோலங்கூரும் ஒருவர். சகுனத்தைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது. நாலு லட்சத்துக்கு மேற்பட்ட படை ஆற்றைக் கடந்தது. சில நாட்களில் வில்னாவில் ஜாரின் தூதுவர் பலாஷோவ் வந்தபோது, அவர் முன்னிலையிலேயே நெப்போலியன் கோலங்கூரைச் சுட்டிக் காட்டி, அலெக்சாந்தர் இவரை ரஷ்யனாக்கிவிட்டார் என்று விளையாட்டாகச் சொன்னார். எதிரியின் தூதர் முன்னால். கோலங்கூர் வெடித்துவிட்டார். இந்தப் போரைத் தூண்டிவிட்டவர்களைவிட நான் நல்ல பிரெஞ்சுக்காரன், என்னை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், ஸ்பெயினுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். சக்கரவர்த்தி சமாதானப்படுத்தினார். உம் விசுவாசத்தை யார் சந்தேகித்தார்கள், கேலிக்குத்தானே சொன்னேன் என்றார். கோலங்கூர் தங்கிவிட்டார்.

அவர் போயிருக்க வேண்டுமா? எனக்கு இதில் தீர்ப்பு இல்லை, சங்கடம் இருக்கிறது. கும்பகருணன் போகவில்லை; உண்ட சோற்றுக்காக நின்று செத்தான் என்று தலைமுறை தலைமுறையாக நாம் உருகுகிறோம். வீடணன் போனான், அவனை இன்றைக்கும் நம்மால் முழுசாக மன்னிக்க முடியவில்லை. ஆனால் மறுப்பைச் சொல்லிவிட்டுக் கூடவே நிற்கிறவர் செருக்குள்ளவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் எதையும் சொல்லலாம், இதோ இவர் எத்தனை சொல்கிறார், நான் கோபித்துக்கொண்டேனா, அவரும் என்னோடுதானே இருக்கிறார். எதிர்ப்புக் குரல் அலங்காரப் பொருளாகிவிடுகிறது. நெப்போலியன் பிரியம் வந்தால் காதைப் பிடித்துத் திருகுவார். கோலங்கூரின் காதைப் பல முறை திருகியிருக்கிறார். அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்மொலென்ஸ்க் எரிந்தது. அங்கேயே நின்றுவிடலாம், குளிர்காலத்தைக் கழித்துவிட்டு அடுத்த ஆண்டு போகலாம் என்று பலரும் சொன்னார்கள். அதற்கு முன்பு வித்தெப்ஸ்க்கில் தாரு என்ற நிர்வாக அதிகாரி நீண்ட நேரம் வாதாடினார். படையோடு போயிருந்த செகூர் 1824இல் வெளியிட்ட படையெடுப்பு வரலாற்றில் இந்த வாதங்களெல்லாம் வருகின்றன. ஆகவே கோலங்கூர் பின்னாளில் தன்னை மட்டும் தீர்க்கதரிசியாகக் காட்டிக்கொண்டார் என்று சொல்ல முடியாது. செப்டம்பர் 7இல் பொரொதினோ சண்டை. கோலங்கூரின் தம்பி ஓகுஸ்த், குதிரைப்படைத் தளபதி, பெரிய பீரங்கி மேட்டின் மேல் பாய்ந்தபோது சுடப்பட்டு இறந்தார். செய்தி வந்தபோது அண்ணன் நெப்போலியனின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். போய் ஓய்வெடுக்கிறீரா என்று சக்கரவர்த்தி கேட்டார். கோலங்கூர் பதில் சொல்லவில்லை. தொப்பியைச் சற்றே உயர்த்தி, வேண்டாம் என்று தெரிவித்தார்.

படை போய்ச் சேர்ந்த மாஸ்கோவில் அக்டோபர் தொடக்கம் இதமாக இருந்தது. பாரிசுக்கு அருகிலுள்ள ஃபோன்டேன்ப்ளூ இலையுதிர்காலத்துக்குக் குறைவில்லாத வெயில். கோலங்கூர் குழந்தைகளைப் பயமுறுத்தச் சொன்ன ரஷ்யக் குளிர் இதுதானா என்று நெப்போலியன் சிரித்தார். அந்த வெயில்தான் அவருக்குப் பகையாயிற்று. ஒரு வாரம் முன்பே பனி பெய்திருந்தால் ஒரு வாரம் முன்பே கிளம்பியிருப்பார். சமாதானம் பேச பீட்டர்ஸ்பர்க் போய்வாரும் என்று கோலங்கூரையே கேட்டார். ஜார் பதில்கூடத் தரமாட்டார், போவது வீண் என்று அவர் மறுத்தார். வேறு தூதர் லோரிஸ்டன் குதூசவிடம் அனுப்பப்பட்டார். பதில் வரவில்லை. அக்டோபர் 19இல் படை மாஸ்கோவைவிட்டுக் கிளம்பியது.

இந்தக் கதையில் எல்லாரும் கடந்துபோகும் ஒரு சின்ன விஷயம் லாடம். சாதாரண லாடம் தட்டையானது. உறைந்த தரையில் கண்ணாடிமேல் வைத்ததுபோல வழுக்கும். பனி நாடுகளில் குளிர்காலம் தொடங்கும் முன் லாடத்தை மாற்றுவார்கள். கீழே கூரான முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவை பனிக்கட்டியைக் கவ்விப்பிடிக்கும். கோலங்கூர் குதிரைக்காரர், அதிலும் பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்காலங்களைப் பார்த்தவர். அரண்மனைக் குதிரைகள் அவருடைய நேரடிப் பொறுப்பு. அவற்றுக்கெல்லாம் முளை லாடம் அடிக்க வைத்தார். படையின் மற்றக் குதிரைகளுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் பனி விழுந்ததும் ஏற்றங்களில் பீரங்கி இழுத்த குதிரைகள் சறுக்கி விழுந்தன. விழுந்தவை எழ முடியாமல் காலை உதைத்துக்கொண்டே கிடந்தன. பீரங்கிகளும் உணவு வண்டிகளும் காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டிகளும் சாலையோரம் கைவிடப்பட்டன. பட்டினி, குளிர், கொசாக்குகள் என்று நாம் படிக்கும் பட்டியலுக்கு அடியில் இந்த இரும்புத் துண்டும் இருக்கிறது. கோலங்கூரின் குதிரைகளில் பெரும்பகுதி பிழைத்தன.

ஒரு எச்சரிக்கை எவ்வளவு சாதாரணமான பொருளாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நல்ல ஆலோசனை என்றால் நாம் முதுமொழியைக் கற்பனை செய்துகொள்கிறோம், தாடி வைத்த ஒருவர் விரலை உயர்த்திச் சொல்வதாக. பெரும்பாலும் அது லாடம் மாற்று, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, இந்தப் பத்திரத்தைக் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்டு என்கிற அளவில்தான் இருக்கும். செருக்கு அதை மறுப்பதும் பெரிய நாடகமாக நடப்பதில்லை. இதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பேரரசரின் கனவு மாஸ்கோ அளவு பெரிது. அதன் எதிரில் இரும்பு முளை பேசக் கூச்சப்படும்.

டிசம்பர் 5 இரவு, ஸ்மோர்கோன் என்ற ஊரில், நெப்போலியன் மிச்சமிருந்த படையை விட்டுவிட்டு பாரிசுக்குப் புறப்பட்டார். உடன் அழைத்துச் செல்ல அவர் தேர்ந்தெடுத்தவர் கோலங்கூர். சக்கரவர்த்தி தன்னை மறைத்துக்கொண்டு கோலங்கூரின் செயலாளர் என்ற போர்வையில் பயணம் செய்தார். முதலில் வண்டி, பிறகு சறுக்குவண்டி. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டியிருந்தது. மூச்சு உதட்டிலேயே உறைந்தது. மூக்கடியிலும் புருவத்திலும் பனித்துண்டுகள் தொங்கின. இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள். டிசம்பர் 10இல் வார்சா, 14இல் ட்ரெஸ்டன், 18 நள்ளிரவுக்குச் சற்று முன் த்யூலரி அரண்மனை. வாயிற்காவலன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தும், பதினைந்து நாள் தாடியோடு நின்ற கோலங்கூரை உடனே அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பதிமூன்று நாளும் நெப்போலியன் பேசிக்கொண்டே வந்தார். வண்டி நின்ற இடங்களில் கோலங்கூர் குறிப்பு எடுத்துக்கொண்டார். அந்த நினைவுக்குறிப்புகள் அச்சாக 1933வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படித்துப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது: இப்போதாவது, இந்தப் பனிக்குள்ளாவது, நீர் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை வரும். தவறுகள் பேச்சில் வருகின்றன. மாஸ்கோவில் தேவைக்கு மேல் தங்கிவிட்டேன் என்கிறார். குளிர் நம்மை அழித்துவிட்டது, நாம் சீதோஷ்ணத்துக்குப் பலியானோம் என்கிறார். பிரஷ்யர்கள் நம்மைப் பிடித்து ஆங்கிலேயரிடம் கொடுத்தால் லண்டனில் கூண்டில் வைத்துக் காட்டுவார்கள் என்று சொல்லிச் சிரிக்கிறார்; பக்கத்தில் உள்ள காதைத் தேடுகிறார், அது தொப்பிக்குள் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பா உங்களைக் கண்டு அஞ்சுகிறது, அதனால்தான் வெறுக்கிறது என்று கோலங்கூர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். அதையும் கேட்கிறார். ஆனால் கிளம்பியதே பிழை என்ற இடத்துக்கு அந்தப் பேச்சு வந்து சேரவேயில்லை. சீதோஷ்ணம்தான் காரணம் என்று சீதோஷ்ணத்தைப் பற்றி முன்பே சொன்ன மனிதரிடமே சொல்லிக்கொண்டு வருகிறார், ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து. இதில் பாசாங்கு இல்லை என்றே நினைக்கிறேன். செயின்ட் க்ளூவில் கேட்டது ஒரு நண்பரின் கோளாறாகப் பதிவாகியிருந்தது. கண்முன் இருந்தது இயற்கையின் கோளாறு. இரண்டையும் இணைத்துப் பார்க்க அவருக்கு வழியில்லை.

இதன்பின் கோலங்கூரின் சொல்லுக்கு மதிப்புக் கூடியிருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் 1813ஐயும் 1814ஐயும் படித்தால் ஏமாறுவார்கள். ப்ராக் பேச்சுவார்த்தைக்கு அவர்தான் அனுப்பப்பட்டார். கைகள் கட்டப்பட்டு அனுப்பப்பட்டார். 1813 நவம்பரில் வெளியுறவு அமைச்சரானார். 1814 பிப்ரவரியில் ஷத்தியோனில் எதிரி நாடுகளோடு பேசும்போது, எப்படியாவது சமாதானத்தை முடித்துக்கொண்டு வாரும் என்று முழு அதிகாரம் வந்தது. ஒரு வாரத்தில் ஷம்போபேர், மோன்மிராய் என்று சில சண்டைகளில் வெற்றி. உடனே அந்த அதிகாரம் திரும்பப் பெறப்பட்டது. கிடைப்பதை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கோலங்கூர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். மார்ச் கடைசி நாளில் ரஷ்யப் படை பாரிசுக்குள் அணிவகுத்து வந்தது, முன்னால் குதிரைமேல் அலெக்சாந்தர்.

முடி துறக்கும் நிபந்தனைகளைப் பேச நெப்போலியன் யாரை அனுப்ப முடியும்? ஜார் வீட்டுக் கதவு திறக்கக்கூடியது கோலங்கூருக்குத்தான். எல்பாத் தீவு என்ற யோசனை அந்தச் சந்திப்புகளில்தான் உருவாயிற்று. இத்தாலிக்கு இவ்வளவு அருகிலா என்று ஆஸ்திரியாவின் மெட்டர்னிக் பின்னர் வந்து முகம் சுளித்தார். ஜார் வாக்குக் கொடுத்தாயிற்று என்று மறுத்துவிட்டார். ஏப்ரல் 11இல் உடன்படிக்கை: தீவின் ஆட்சி, சக்கரவர்த்தி என்ற பட்டம், ஆண்டுக்கு 20 லட்சம் ஃபிராங்க் தருவதாக வாக்கு. மறுநாள் இரவு ஃபோன்டேன்ப்ளூவில் நெப்போலியன் விஷம் குடித்தார், கூப்பிட்டனுப்பியது கோலங்கூரைத்தான். விஷம் பழசு, வேலை செய்யவில்லை. காலையில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அடுத்த பத்து மாதம் அவர் எல்பாவில் சாலை போட்டு, சுரங்கம் நடத்தி, அறுநூறு சொச்சம் காவற்படையோடு சக்கரவர்த்தியாகவே வாழ்ந்தார், கோலங்கூரின் சிநேகிதர் கொடுத்த வாக்கின் பேரில்.